கிளை மூன்றைக் காணவில்லை

நெருப்பையும் சக்கரத்தையும் மனித குலத்தின் மாபெரும் சாதனைகள் என்று சொல்லித் திரிகிறவர்கள் பாவம், அந்தச் சனிக்கிழமை ஒருங்கிணைப்பு மேலாளரின் மாடி அறையில் நடந்ததைப் பார்க்கக் கொடுத்து வைக்காதவர்கள். கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டரிலிருந்து மாடிக் கம்ப்யூட்டருக்கு, ஒரு மாடிப்படி தூரத்துக்கு, ஒரு ஃபைலைக் கொண்டுவரும் சரித்திர முயற்சி அன்றுதான் அரங்கேறியது.

அதை நடத்தியவர் லேசுப்பட்டவர் அல்ல. அவருடைய நிறுவனத்தில் கிளைகளுக்கிடையே சண்டை வராமல் பார்த்துக்கொள்வதே அவர் உத்தியோகம். கிளைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை என்பதால் சண்டைக்கு இடமில்லாமல் போனது. அந்தப் பெருமை முழுக்க அவரைச் சேர்ந்தது. அலுவலகத்தில் அவருக்குச் 'சுற்றறிக்கை' என்று பெயர். அது கேலி என்று இதுவரை யாரும் அவரிடம் சொல்லாததால், அதைப் பட்டம் என்றே வைத்துக்கொண்டிருக்கிறார்.

மேடைப் பேச்சிலும் அவர் புலி. "கூட இருப்பவரைக் கண்ணால் காண்பதே ஒருங்கிணைப்பின் முதல் படி" என்று அவர் தொடங்கினாரென்றால் கைதட்டல் அடங்க நேரமாகும். அடுத்த செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்திலும் அவர் பேச்சு இருந்தது. பேச்சுக்கான கருத்துகளை அவரே ஒரு துண்டுத் தாளில் 'ஒற்றுமை, வேகம், இன்ன பிற' என்று எழுதிக் கொடுத்துவிடுவார். மனைவி அதைச் 'சும்மா டைப் அடித்து' நாலு பக்கமாக்கி அவர் மேஜையில் வைத்துவிடுவாள்.

அன்று காலை அந்த மனைவிதான் ஒரு பென் டிரைவோடு மாடிக்கு வந்து நின்றாள்.

"ஏங்க, இன்னிக்கு நாலு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. நான் வரைஞ்ச பிளான் எல்லாம் பிரிண்ட் எடுக்கணும். கொஞ்சம் நகர்ந்து உட்காந்தீங்கன்னா எடுத்துட்டுப் போயிடுவேன்."

ஒரு காலத்தில் அவள் கட்டட வரைபட அலுவலகத்தில் கை தேர்ந்தவள் என்று பெயர் எடுத்தவள். பிள்ளைகள் பிறந்ததும் விட்ட வேலை. கடந்த ஒரு வருடமாக, சமையலறை ஓரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரில் வரையும் முறையைத் தானே கற்று, வீடு வீடாக வரைந்து தள்ளியிருந்தாள். எத்தனையோ இடங்களுக்கு எழுதிப் போட்டதில் ஒரே ஓர் இடத்திலிருந்துதான் பதில் வந்தது. 'வரைபடங்களைத் தாளில் எடுத்து வரவும்' என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இதுவும் கை நழுவினால் இந்த வயதில் இனி யார் கூப்பிடப்போகிறார்கள் என்ற கவலையில் அவள் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. இது அவருக்குத் தெரியாது. அவர் நன்றாகத் தூங்கினார்.

"பென் டிரைவா?" என்றார் அவர். கரப்பான்பூச்சியைப் பார்ப்பது போல் அதைப் பார்த்தார். எப்போதோ ஒரு பென் டிரைவ் வழியாக வைரஸ் புகுந்து அவர் கம்ப்யூட்டரைப் படுக்க வைத்த நாளிலிருந்து 'பென் டிரைவ் இல்லா இல்லம்' என்ற கொள்கை அந்த வீட்டில் அமலில் இருந்தது. "கொடு இப்படி." வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"சரி, மெயில்ல அனுப்பட்டுமா?"

"ஒரே வீட்ல இருந்துகிட்டு மெயிலா? அப்புறம் ஹால்லேர்ந்து எனக்கு கூரியர் அனுப்புவியா? வீட்ல நாலு கம்ப்யூட்டர் இருக்கு. நாலும் ஒண்ணை ஒண்ணு பாக்கணும். பாத்துடுச்சுன்னா ஃபைல் தன்னால வரும். நீ கீழ போய் உன் வேலையைப் பாரு. பத்து நிமிஷத்துல பிரிண்ட் உன் கைக்கு வரும்."

அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

அவர் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தார். அது காலியாக இருந்தது. அவர் கம்ப்யூட்டரின் கண்ணுக்கு அந்த வீட்டில் ஒரு ஜீவனும் இல்லை. சாதாரண மனிதனாக இருந்தால் இந்த இடத்தில் பதறியிருப்பான். அவர் கூட்டத்தைக் கூட்டினார்.

கல்லூரியில் படிக்கும் மகள் 'தொழில்நுட்பத் துணைக்குழு' ஆனாள். படிப்பை முடித்துவிட்டு, வேலை தேடுவதையே முழுநேர வேலையாகப் பார்த்துவரும் மகன் 'கள ஆய்வு' ஆனான். நகரத்தின் மறுகோடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் மைத்துனர், போன் ஸ்பீக்கர் வழியாக 'வெளி நிபுணர்' பதவியை ஏற்றார். அவரிடம் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான்.

"அத்தான், எல்லாத்தையும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

எல்லாம் அணைக்கப்பட்டன. எல்லாம் போடப்பட்டன. இதற்காகவே காத்திருந்தது போல அவர் கம்ப்யூட்டர் அப்டேட்டில் இறங்கியது. திரையில் ஒரு வட்டம் சுற்ற, மூன்று பேரும் கைகட்டி நின்று அதைப் பார்த்தார்கள். இடையில் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஆச்சாங்க?"

"அப்டேட் ஓடுது. சத்தம் போடாதே."

அப்டேட் முடிந்தபோது கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு வானிலை அறிக்கை தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை. வெளி நிபுணர் தன்னுடைய இரண்டாவது மருந்தை எடுத்தார்.

"அத்தான், நெட்வொர்க் 'வீடு'ன்னு போட்டிருக்கா, 'பொது இடம்'னு போட்டிருக்கான்னு பாருங்க. பொது இடம்னு இருந்தா, சுத்தி இருக்கிறவங்க அந்நியங்கன்னு நெனச்சு கம்ப்யூட்டர் தன்னை மறைச்சுக்கும். யாரையும் பாக்கவும் செய்யாது."

மகளின் கம்ப்யூட்டரில் 'பொது இடம்' என்று இருந்தது.

"ஏம்மா இப்படி?"

"நீங்க எட்டிப் பாப்பீங்கன்னுதான்."

மகனுடையதிலும் 'பொது இடம்' என்றே இருந்தது. காரணம் கேட்டபோது அவன், அவள் எட்டிப் பார்ப்பாள் என்று தங்கையைக் கை காட்டினான்.

மேலாளர் எழுந்து நின்றார். முக்கியமான விஷயங்களை அவர் உட்கார்ந்து சொல்வதில்லை. "பொறந்து வளந்த வீட்டை பஸ் ஸ்டாண்டுன்னு எழுதி வெச்சிருக்கீங்க. பெத்தவனை வழிப்போக்கன்னு சொல்லிருக்கீங்க. இந்த வீட்ல ஒளிவு மறைவு உண்டா? நான் எதையாவது உங்ககிட்ட மறைச்சிருக்கேனா?"

இதற்குள் துணைக்குழு அவர் கம்ப்யூட்டரையும் சோதித்துவிட்டது. "அப்பா, உங்களுதும் பஸ் ஸ்டாண்டுதான்."

போனில் மைத்துனர் இருமினார்.

"அது பதவிப் பாதுகாப்பு," என்றார் அவர்.

மூன்றும் 'வீடு' ஆக்கப்பட்டன. பகிர்வுக் கதவுகள் திறக்கப்பட்டன. திறந்த வேகத்தில் மூன்று பேரும் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் பாய்ந்தார்கள். மகனின் 'வேலை விண்ணப்பங்கள்' என்ற ஃபோல்டரில் சினிமாப் படங்கள் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. மகளின் 'பாடக் குறிப்புகள்' முழுக்கத் தோழிகளோடு ஊர் சுற்றிய படங்கள். அப்பாவின் 'மிக முக்கியம், தொடாதே' என்ற ஃபோல்டருக்குள் ஒரு சீட்டு விளையாட்டும், அதில் அவர் இத்தனை வருடமாகத் தோற்ற ஆட்டங்களின் விவரமும் இருந்தன. ஒருவரை ஒருவர் பார்க்கும் பாக்கியம் கிடைத்ததும் அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு சண்டை மூண்டது. அது தீர்வதற்குள் மதியம் தாண்டிவிட்டது. கடைசியில், பார்த்ததை யாரும் வெளியே சொல்வதில்லை என்று ஒப்பந்தமாயிற்று. அலுவலகத்தில் கிளைகள் பேசிக்கொள்ளாததன் அருமை அப்போதுதான் அவருக்கு முழுதாக விளங்கியது.

சாப்பாட்டு மேஜையில் எப்படியோ சாப்பாடு வந்து மூடி வைக்கப்பட்டிருந்தது. ஆளுக்கொரு தட்டில் போட்டு மேலே எடுத்து வந்து, சாப்பிட்டுக்கொண்டே நெட்வொர்க் பக்கத்தைப் பார்த்தார்கள். இப்போது அதில் நான்கு பெயர்கள் இருந்தன: தலைமையகம், கிளை ஒன்று, கிளை இரண்டு, சமையலறை.

முதலாவது அவருடையது. அடுத்த இரண்டும் பிள்ளைகளுடையவை. கம்ப்யூட்டர்களை வாங்கிப் போட்ட காலத்தில் அவரே உட்கார்ந்து சூட்டிய பெயர்கள்.

"சமையலறைன்னா எது?" என்றான் மகன்.

"அது புது ஃப்ரிட்ஜ். வாங்கும்போதே கடைக்காரன் சொன்னான், நெட்டோட சேரும்னு. நல்ல ஃப்ரிட்ஜ்டா. ஒரு மக்கர் இல்ல, ஒரு சத்தம் இல்ல, எப்பவும் ஆன்ல இருக்கு. பாஸ்வேர்டு கூடக் கேக்கறதில்ல." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தார். "நமக்கு வேண்டியது அம்மாவோட கம்ப்யூட்டர். அது கிளை மூன்று. நான்தானே பேர் வெச்சேன்."

கிளை மூன்றைத் தேடும் படலம் தொடங்கியது. ஃபயர்வாலை இறக்கிப் பார்த்தார்கள், ஏற்றிப் பார்த்தார்கள். இன்டர்நெட் பெட்டியைத் தலைகீழாக வைத்துப் பார்த்தார்கள். மைத்துனர் சொன்னபடி ஒரு நீள வயரை ஜன்னல் வழியாகத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். அதில் பக்கத்து வீட்டுப் பூனை தொங்கியது.

"அம்மாகிட்டயே ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள் மகள்.

"பயனாளிகளைத் தொந்தரவு பண்ணக் கூடாது. இது டெக்னிக்கல் சமாச்சாரம்."

அப்போது அவர் நாற்காலிக்குப் பின்னால் யாரோ வந்து நின்றது போலிருந்தது. வெளியே போகும் உடுப்பு, தோளில் பை.

"ஏங்க, நேரமாயிடுச்சு. நான் தெருமுனைக் கடையில பிரிண்ட் எடுத்துக்கறேன்."

"ம்."

"கிளம்பறேன்."

"ம், ம். கொஞ்சம் தள்ளி நில்லு. திரையில நிழல் விழுது."

நிழல் விலகியது. வெளிச்சம் நன்றாக வந்தது. அவர் புது உற்சாகத்தோடு கிளை மூன்றைத் தேடினார்.

பொழுது சாய்ந்தது. வெளி நிபுணர், போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லித் தப்பினார். மகனுக்குப் பசி எடுத்தது. கீழே இறங்க அலுப்பாக இருந்ததால், "ஃப்ரிட்ஜ்ல என்ன இருக்குன்னு இங்கேருந்தே பாத்துடலாம்," என்று 'சமையலறை'யை அமுக்கினான்.

அது உடனே திறந்தது. உள்ளே சாப்பிட ஒன்றும் இல்லை. 'தம்பி விண்ணப்பங்கள்' என்று ஒரு ஃபோல்டர். 'பாப்பா ப்ராஜெக்ட்' என்று ஒன்று. 'அவர் பேச்சு' என்று ஒன்று, அதில் எத்தனையோ வருடப் பேச்சுகள். எல்லாவற்றுக்கும் கடைசியில் 'என்னுடையது'.

மேலாளரின் முகம் வெளிறியது. "என் பேச்செல்லாம் ஃப்ரிட்ஜுக்குள்ள எப்படி வந்துச்சு? எவனோ நம்ம ஃப்ரிட்ஜை ஹேக் பண்ணிட்டான்."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, அது ஃப்ரிட்ஜ் இல்ல. அம்மா கம்ப்யூட்டர். சமையலறைல இருக்குன்னு நீங்களே அப்படிப் பேர் வெச்சு மறந்துட்டீங்க. மதியத்துலேர்ந்து நம்ம கண்ணு முன்னாலதான் இருக்கு."

வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் வெட்கப்பட்டிருப்பார். அவர் "வெற்றி" என்றார். 'என்னுடையது' திறக்கப்பட்டது. பிரிண்டர் கனைத்துக்கொண்டு தாள்களைத் தள்ளத் தொடங்கியது. ஒவ்வொரு தாளிலும் ஒரு வீடு. மெல்லிய, நிதானமான கோடுகள். ஜன்னல் எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ள எவ்வளவு இடம் வேண்டும் என்றுகூட யோசித்து வரைந்த கோடுகள். இவளுக்கு இதெல்லாம் வருமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கூடவே மனசுக்குள் என்னவோ சுருக்கென்றது. அதை அவர் நெட்வொர்க் வெற்றியின் பூரிப்பு என்று முடிவு செய்தார்.

தாள்களைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார். "இந்தா, வந்துடுச்சு. சொன்னேன்ல."

சமையலறையில் கம்ப்யூட்டர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஹாலில் இல்லை. படுக்கையறையில் இல்லை. கொல்லைப்புறத்தில் பூனைதான் இருந்தது.

"அம்மாவைக் காணோம்," என்றான் மகன்.

அப்போது வாசற்கதவு திறந்தது. அவள் பையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். முகம் களைத்திருந்தது, கண் மட்டும் சிரித்தது.

"எங்க போயிட்டே? சொல்லிட்டுப் போக வேணாமா?"

"சொன்னேன். நிழல் விழுதுன்னீங்க." தண்ணீர் எடுத்துக் குடித்தாள். "சர்க்கரை டப்பாவுல இன்னொரு பென் டிரைவ் வெச்சிருக்கேன். நீங்க குளிக்கப் போறப்ப உங்க பேச்சையெல்லாம் அதுலதானே கொண்டுவந்து பிரிண்ட் எடுப்பேன். அதைக் கொண்டுபோய்க் கடையில கொடுத்தேன். வேலை கிடைச்சிடுச்சு. திங்கட்கிழமையே வரச் சொல்லிட்டாங்க."

மகள் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு, ஃப்ரிட்ஜ் கதையைக் காதோடு சொன்னாள். மகன் தங்கை பின்னால் நின்று அசட்டுத்தனமாகச் சிரித்தான். மேலாளர் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒருங்கிணைப்புத் துறையில் பழுத்த அனுபவம் உள்ளவர் அல்லவா, விளைவு என்ன என்பது சட்டென்று பிடிபட்டுவிட்டது.

"திங்கட்கிழமையேவா? அப்ப செவ்வாய்க்கிழமை என் பேச்சு?"

"முதல் வரி மட்டும் முடிச்சு வெச்சிருக்கேன். கூட இருப்பவரைக் கண்ணால் காண்பதே ஒருங்கிணைப்பின் முதல் படி."

"அது நான் எப்பவும் சொல்ற வரியாச்சே. மிச்சத்தை யாரு எழுதறது?"

அவள் காலி டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"இத்தனை வருஷம் எழுதிக் கொடுத்துச்சே, அந்த ஃப்ரிட்ஜையே கேளுங்க."