மூஞ்சிக் காக்காவும் உள்ளங்கை முகமூடியும்

துபாயில் கடை திறந்து, வந்த வாடிக்கையாளரை விரட்டியே பேர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் மூஞ்சிக் காக்காதான். கீழக்கரைக்காரர்; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அல் குசைஸில் என் அறைவாசி. ஆப்பிரிக்க மர முகமூடிகள் விற்றார். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

விற்றார் என்பதுகூட கொஞ்சம் மிகைதான். ஒரு சுற்றுலாக்காரர் முகமூடியை மாட்டிக்கொண்டு நாக்கை நீட்டி செல்ஃபி எடுத்தார். காக்கா அதைப் பிடுங்கிக்கொண்டார். "ஒங்களுக்கு இது எதுக்கு? சொந்த மூஞ்சியே போதும். கலாஸ், கெளம்புங்க!"

ஒருமுறை புதுச்சரக்கு வந்தது. பொட்டலத்துக்குள்ளிருந்து உள்ளங்கையளவு முகமூடி ஒன்று உருண்டு விழுந்தது. மற்றதெல்லாம் வார்னிஷ் நாறியது. இது மட்டும் கை பட்டுப் பட்டு வழவழவென்றிருந்தது.

"இது விக்கச் செஞ்சது இல்ல வாப்பா. யாரோ கூடவே வச்சிருந்தது. அவன் தேடிக்கிட்டிருப்பான்."

"உலகத்துல எங்க போய்த் தேடுவீங்க காக்கா?"

"மால்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு, மாலில் நின்ற ஆப்பிரிக்க செக்யூரிட்டி ஒவ்வொருவரிடமும் முகமூடியைப் பொதிந்து வைத்திருந்த கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். கென்யாக்காரர் சிரித்தார். உகாண்டாக்காரருக்குக் கோபம் வந்தது. "ஆப்பிரிக்கான்னா ஒரே தெருவா?"

காக்கா காதைப் பிடித்துக்கொண்டார். "மாஃப் கரோ பாய்! என்னை மலபாரின்னு கூப்பிட்டா எனக்கும் இப்படித்தான் எரியும்."

கார் நிறுத்துமிடத்தில் நின்ற நெட்டையான காவலர் மட்டும் அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். லைபீரியாக்காரர்; டான் இனத்தவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்திதான்.

"இது எங்க ஜனங்களோடது. ஊரை விட்டுப் போறவன் கூடவே எடுத்துட்டுப் போவான். போற எடத்துல அவன் யாருன்னு இது சொல்லும்."

"அப்ப நீயே வச்சிக்க!"

"இன்னொருத்தனோடது பாய். நான் வச்சிக்கக் கூடாது. லீவுல போகும்போது ஊர்ப் பெரியவங்க கிட்ட கொடுத்துடறேன். அதுவரைக்கும் நீங்களே வச்சிருங்க. காயாம எண்ணெய் தடவுங்க."

அன்றிலிருந்து எங்கள் அறையில் தேங்காயெண்ணெய் எனக்குக் கிடைக்கவில்லை. ஓட்டல் அலங்காரம் செய்கிற பெண் ஒருவர் கடையில் அந்த முகமூடியைப் பார்த்துவிட்டு, கேட்ட விலை தருவதாக மூன்று முறை வந்தார். மூன்று முறையும் காக்கா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த மாதம் கடை வாடகைக்கே திண்டாட்டம். கேட்டால், "விருந்தாளிய வித்து வாடகை கட்டவா?" என்று என்மீது பாய்ந்தார்.

காவலருக்கு லீவு வந்தது. ஏர்போர்ட்டில் முகமூடியை வாங்கிச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். காக்கா எங்க ஊர் அல்வாவான தொதல் ஒரு டப்பா அவர் கையில் திணித்தார். "பத்திரம், பத்திரம்" என்று கண்ணாடிக் கதவு மூடியபிறகும் தமிழில் கத்திக்கொண்டிருந்தார். ஊரில் ஒப்படைத்தாயிற்று என்று செய்தி வந்த அன்று கடைத்தெரு முழுக்க டீ காக்கா கணக்கு.

நான் இப்போது ஓமானில், சோஹாரில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் அடித்தால் காக்காதான். "சாப்ட்டியா வாப்பா?" என்பார். சாப்பிட்டிருந்தாலும் சில நாள் இல்லை என்பேன். இன்னும் கொஞ்ச நேரம் திட்டுவார் அல்லவா?