இன்னும் ஒரே ஒரு வால்வு

ஆயத்தக்காரர் என்றொரு இனம் நம்மிடையே உலவுகிறது. பார்த்த மாத்திரத்தில் தெரியாது. கையில் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். வேலையைத் தொடமாட்டார், வேலைக்கான கருவியைத் தொடுவார். உழச் சொன்னால் நுகத்தடியை இழைப்பார். கடுதாசி எழுதச் சொன்னால் பேனாவைக் கழற்றிக் கழுவுவார். சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சோம்பேறி பாயில் படுத்திருப்பான். இவரோ பொழுது விடிந்து பொழுது போனால் வேர்த்து வழிய உழைப்பார். ஆரம்பிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்வார்.

இந்த இனத்தில் முதல் தரமான ஆளைப் பார்க்கவேண்டுமென்றால், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு திருச்செங்கோட்டுக்குப் போயிருக்கவேண்டும். தண்டாயுதபாணி என்று பெயர். தறி ஓட்டிச் சேலை விற்கிற குடும்பம். ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார ரயில்வே கார்டிடமிருந்து, சேலம் ஜங்ஷனில், ஹவாய் கிடார் ஒன்றை வாங்கி வந்திருந்தார். மடியில் படுக்கப் போட்டு, கம்பிகளின்மேல் உருக்குத் துண்டை வழுக்கவிட்டு வாசிக்கிற கிடார்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? அங்கேதான் சங்கடம். நன்றாகவே வாசிப்பார். கல்யாணமான புதிதில் மனைவி தெய்வநாயகி கூடத்தில் திருப்புகழ் பாட, இவர் அந்தப் பாட்டின் பின்னாலேயே கிடாரை வாசித்துக்கொண்டு போவார். அந்த நேரத்தில் சேலை எடுக்க வந்தவர்கள் விலை கேட்க மறந்து நிற்பார்கள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒருநாள் ஒரு அமெரிக்கப் பத்திரிகை அவர் கையில் சிக்கியது. அதில் ஒரு படம். கால்களுள்ள மேஜைபோல ஒரு கிடார். அடியில் மிதிகள். மிதித்தால் கம்பி இறுகிச் சுரம் ஏறுமாம். பக்கத்தில் ஒரு பெட்டி, ஒலியைப் பெருக்குகிற ஆம்ப்ளிபயர். தண்டாயுதபாணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மிதி ஒரு பெரிய காரியமா? நெசவாளி வீட்டில் மிதிக்கட்டைக்கா பஞ்சம்? பழைய தறியிலிருந்து இரண்டைக் கழற்றி, கம்பி கட்டி, கிடாரோடு பூட்டிவிட்டார். கம்பியின் அதிர்வைப் பிடிக்க, ரேடியோ ஹெட்போனிலிருந்த காந்தத்தைக் கம்பிகளுக்கு அடியில் பொருத்தினார். எல்லாம் சட்டென்று முடிந்தது. மிச்சம் ஆம்ப்ளிபயர் ஒன்றுதான். அந்த ஒன்று அவரை விழுங்கியது.

முதலில் வீட்டு ரேடியோவின் பின்பக்கத்தில் வயரைச் சொருகிப் பார்த்தார். கொசு பாடுவது மாதிரி இருந்ததாம். அடுத்து, கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன டூரிங் சினிமாக்காரனின் ஆம்ப்ளிபயரை வாங்கினார். சத்தம் கம்பீரமாகத்தான் வந்தது, ஆனால் கூடவே ஓயாமல் "உம்ம்ம்" என்று ஓர் உறுமல். அதை ஒழிக்கக் கண்டென்சரை மாற்றினார். உறுமல் போனது, கம்பீரமும் போனது. கம்பீரத்தை மீட்க டிரான்ஸ்பார்மரை மாற்றினார். அது சூடாகிப் புகைந்தது.

பிறகு, ஆம்ப்ளிபயருக்குள் பல்புபோல எரிகிற வால்வுகளை மாற்றிப் பார்க்க, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மிலிட்டரிச் சாமான் விற்கிற செல்லமுத்துவைப் பிடித்தார். செல்லமுத்துவுக்கு வால்வைப் பற்றித் தெரிந்ததைவிட மனிதர்களைப் பற்றித் தெரிந்தது அதிகம்.

"ஏனுங்க அண்ணா, இது ஏரோப்ளேன்ல இருந்து கழட்டுன வால்வுங்க. இதுல வாசிச்சா கிடாரு அழுவுமுங்க."

"போன தடவ குடுத்ததும் அழுவும்னுதான சொன்ன?"

"அது தேம்புமுங்க. இதுதான் அழுவறது."

தண்டாயுதபாணி அதையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். மடியில் துணி சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்கி வருகிறமாதிரி.

அடுத்து ஸ்பீக்கருக்குப் பெட்டி வேண்டும் என்றார். மாமரம் ஆகாது, பலா ஆகாது, காய்ந்த தேக்கு வேண்டும். வீட்டில் காய்ந்த தேக்கு ஒன்று இருந்தது. தெய்வநாயகி பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டு வந்த பெட்டி. அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அதன் முகப்பில் வட்டமாக ஓட்டை போட்டார். திரும்பி வந்தவள், தரையில் குவிந்து கிடந்த தன் சேலைகளையும் ஓட்டையையும் பார்த்தாள்.

"ஏனுங்க, எங்கப்பன் குடுத்த பொட்டிங்க இது."

"ஆமா நாயகி! அதான் டோன் இப்புடி வருது. கேளு!"

அவள் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்துக் கொடியில் போட்டாள்.

ஆயத்தக்காரரோடு குடித்தனம் பண்ணுகிறவர்களுக்கு இதெல்லாம் பழகிப் போகும். பழகாத ஒன்றும் வந்தது. வைகாசித் தேருக்கு பஜனை மடத்துப் பந்தலில் தெய்வநாயகி பாடவேண்டும் என்று மடத்துப் பெரியவர் செங்கோடன் வந்து கேட்டார். நெசவுக்காரர் வீட்டு மருமகள் நாலுபேர் முன்னால் மேடையேறுவதா? மாமியார் சுப்பம்மாள் குதித்தாள். "ஊட்டுப் பொம்பள தனியா மேடையில குந்துனா ஊரு என்ன பேசும்?"

தண்டாயுதபாணி மார்தட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "தனியா யாரு குந்தறது? பக்கத்துல நானிருந்து கிடாரு வாசிக்கறனம்மா. புருசன் கூட இருந்தா எவன் பேசுவான்?"

தெய்வநாயகி அன்று அவரைப் பார்த்த பார்வையை அவர் பார்த்திருக்கவேண்டும். அவரோ ஸ்பீக்கருக்கு வயர் எந்தப் பக்கமாகக் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

தேரன்று சாயங்காலம். பந்தலில் நெரிசல். தெய்வநாயகி மேடையில் சுருதிப் பெட்டியோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பாய், அதன்மேல் மிதி வைத்த கிடார். கிடாருக்குப் பின்னால் ஆளில்லை. ஆள் மேடைக்குப் பின்னால் திரை மறைவில் மண்டியிட்டு, கரியடுப்பில் ஈயம் பற்றவைக்கிற கம்பியைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

செங்கோடன் எட்டிப் பார்த்தார். "ஏப்பா, சனம் காத்துக் கெடக்குது."

"இன்னும் ஒரே ஒரு வால்வுங்க. மாத்திட்டு வந்தர்றன்."

முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். பின்வரிசையில் யாரோ, "புருசன் வாரமாட்டனுட்டானாட்டம் இருக்குது" என்றார். சிரிப்பு பரவியது. சுப்பம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தெய்வநாயகி ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். திரைக்கு அடியில் கணவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன, உள்ளங்கால் மேலே பார்த்தபடி.

அவள் சுருதிப் பெட்டியைத் திறந்தாள். குரல் முதலில் நடுங்கியது. பாட்டு ஒரு இடத்தில் நின்றேவிட்டது. பின்வரிசைச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அவள் கண்ணை மூடி, அதே அடியை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை நிற்கவில்லை. இரண்டாம் பாட்டில் கொட்டாவி விட்டவர் தாளம் போட்டார்.

அப்போதுதான் தண்டாயுதபாணி வெற்றி முகத்தோடு மேடைக்குத் தாவி வந்து, உட்கார்ந்து, மிதியை மிதித்து, உருக்குத் துண்டை ஒரு இழுப்பு இழுத்தார்.

"ஙொய்ங்" என்று ஒரு சுரம் எழுந்தது. அடுத்த கணம் பந்தலின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. ப்யூஸ் போய்விட்டது.

இருட்டில் குழந்தைகள் வீறிட்டன. ஜனங்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். "யாரும் அசையாதீங்க! வால்வு ஒடைஞ்சுரும்!" என்று ஒரு குரல் கதறியது. யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. தெய்வநாயகி இருட்டிலேயே பாடினாள். ஓர் அடி, இரண்டு அடி. எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். கடைசி வரிசைவரை கேட்பதற்காக ஜனமே தன் மூச்சை அடக்கிக்கொண்டது. யாரோ பெட்ரோமாக்ஸ் ஏற்றிக்கொண்டு வந்தபோது, சுப்பம்மாள் மேடையில் மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது தண்டாயுதபாணி பரபரப்பாக இருந்தார்.

"நாயகி, லைட்டு போறதுக்கு முந்தி ஒரு சொரம் வந்துச்சே, கவனிச்சியா? அதான் நான் தேடுன டோன்!"

"இல்லீங்க" என்றாள் அவள். "நான் பாடிட்டு இருந்தனுங்க."

அதற்குப் பிறகு ராசிபுரத்திலிருந்து ஆள் வந்தது, ஆத்தூரிலிருந்து வந்தது. எல்லோரும் தெய்வநாயகி பாடவேண்டும் என்றுதான் கேட்டார்கள். கிடாரைப் பற்றி மரியாதைக்குக்கூட ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆத்தூருக்குப் புறப்படுகிற அன்று மாமியாரும் மருமகளும் வாசலில் இறங்கிவிட்டார்கள். உள்ளேயிருந்து, பிரித்துப் போட்ட ஆம்ப்ளிபயருக்கு நடுவிலிருந்து, தண்டாயுதபாணி குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் இரு நாயகி! செல்லமுத்து புதுசா ஒரு டிரான்ஸ்பார்மரு குடுத்திருக்கறான். இதோ ரெடியாயிட்டே இருக்கறன்."

தெய்வநாயகி நின்றாள். நோயாளியிடம் பேசுகிற இதமான குரலில் சொன்னாள்: "நீங்க நெதானமா ரெடியாகுங்க. நாங்க போயிட்டு வந்தர்றோம்."

பஸ் போகிற சத்தம் உள்ளே கேட்டது. தண்டாயுதபாணி தலையைத் தூக்கினார். அடுத்த தடவை நிச்சயம், என்று வருத்தத்தோடு சொல்லிக்கொண்டார். வருத்தம் உண்மையானதுதான். பிறகு திருப்புளியை எடுத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ரொம்ப நாளாகத் தொடங்கவேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கிற அந்தக் காரியம் என்ன ஆயிற்று? இதோ இப்போதே எழுந்து போய்த் தொடங்கினால் என்ன? என்ன சொன்னீர்கள், முதலில் மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தவேண்டுமா?

நகர்த்துங்கள், நகர்த்துங்கள். வெளிச்சம் முக்கியம்.