ஊசி இறங்காத வண்டி

மதம் மாறியவர்களைப் பார்த்திருப்பீர்கள். கட்சி மாறியவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்திருப்பீர்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் தூக்கிச் சாப்பிடுகிற மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது: பேட்டரி மாறியவர்கள். பார்த்ததில்லையா? கொடுத்து வைத்தவர் நீங்கள்.

ஃப்ளோரிடாவில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மட்டுமே குடியிருக்கிற எங்கள் ஊரில் இந்த இனம் கொழுத்து வளர்கிறது. இங்கே காரை வெளியே எடுப்பது ஆஸ்பத்திரிக்கும் விமான நிலையத்துக்கும் மட்டும்தான். கடைக்கு, சர்ச்சுக்கு, நீச்சல் குளத்துக்கு, பக்கத்துத் தெருவில் யாராவது ஓசியில் ஒயின் ஊற்றுகிறார்கள் என்றால் அதற்கு, எல்லாவற்றுக்கும் கோல்ஃப் வண்டிதான். கோல்ஃப் ஆடவும் சிலர் அதை எடுத்துப் போவதாகக் கேள்வி.

அந்த வண்டியின் சீட்டுக்கு அடியில் காலங்காலமாக ஈய பேட்டரிகள் பிணக்கனம் கனத்துக்கொண்டு, மாதம் ஒரு முறை தண்ணீர் குடித்துக்கொண்டு, யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல் கிடந்தன. ஒரு நாள் ஒருவர் அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு லித்தியம் பேட்டரியை வைக்கிறார். வைத்ததோடு நின்றால் ஊருக்கு நல்லது. நிற்பாரா?

எங்கள் தெரு வெண்டெல் நிற்கவில்லை. "காலை வணக்கம்" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், வண்டியை ஓரம் கட்டி, சீட்டைத் தூக்கி, "உள்ளே பாருங்க, எவ்வளவு இடம் மிச்சம்!" என்பார். "ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தறதில்லை" என்பார். "மாசம் அரை மணி நேரம் மிச்சம்" என்பார். மதியச் சாப்பாட்டைத் தவிர வேறு சோலியே இல்லாத மனிதருக்கு அந்த அரை மணி நேரம் எதற்கு என்று கேட்காதீர்கள். அதை விளக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். விலை என்ன என்றும் கேட்காதீர்கள். விலையைச் சொல்லவே மாட்டார். அதைப் பத்து வருஷத்தால் வகுத்து, மாதத்தால் வகுத்து, கடைசியில் நீங்கள் தினம் குடிக்கிற காபியைவிட மலிவு என்று நிரூபித்து, காபி குடிப்பதற்காக உங்களை வெட்கப்படவும் வைத்துவிடுவார். நண்பர் ஓட்டிஸின் சவ அடக்கத்தில், அழுதுகொண்டிருந்த விதவையின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னவர் இவர்தான்: "அவனோட வண்டியை மட்டும் வித்துடாதீங்க. பேட்டரியை மாத்திட்டா புதுசு மாதிரி ஓடும்."

வெண்டெலின் மனைவி டோரீன். அந்த அம்மாள் செய்த ஒரே குற்றம் அவரைக் கல்யாணம் செய்துகொண்டதுதான். ஊர் சேர்ந்திசைக் குழுவில் பல வருஷமாகக் கடைசி வரிசையில், இரண்டு உயரமான பெண்களுக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டிருந்த டோரீனுக்கு இந்த முறை தனிப்பாட்டு கிடைத்தது. துணி மடிக்கையில் பாடினார், பாத்திரம் கழுவுகையில் பாடினார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. வெண்டெல் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தான் பேசி முடிக்கும்வரை அந்த மனிதர் வாயை மூடிக் கேட்டதாக டோரீனுக்கு ஞாபகமே இல்லை. பாட்டுக் கச்சேரி என்றால் குறுக்கே பேச முடியாது இல்லையா?

அந்த நாளும் வந்தது. நீல உடுப்பும் முத்து மாலையுமாக டோரீன் வண்டியில் ஏறினார்.

"சார்ஜ் போட்டியா?"

"எதுக்கு? மீட்டர் ஊசியைப் பாரு. ஒரு வாரமா ஓட்டறேன், ஒரு இம்மி இறங்கலை. ஈயமா இருந்தா இந்நேரம் நாக்கைத் தள்ளியிருக்கும்."

"பேட்டரியோட ஒரு புது மீட்டர் வந்துச்சே, அதை மாட்டலையா?"

"அதெல்லாம் விவரம் தெரியாதவங்களுக்கு, கண்ணு."

விவரம் இதுதான். பழைய மீட்டர் ஈய பேட்டரிக்கென்றே பிறந்தது. ஈயம் தீரத் தீர வலு குறையும், ஊசி இறங்கும், வண்டி முனகும், ஓட்டுகிறவருக்கும் வீடு திரும்புகிற புத்தி வரும். லித்தியம் அப்படி இல்லை. கடைசி வரைக்கும் அதே மிடுக்கு, அப்புறம் ஒரேயடியாகப் படுக்கை. தீரப்போவதைச் சொல்லத்தான் புது மீட்டர். அது வெண்டெலின் மேஜை இழுப்பறையில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

வழியில் அடுத்த தெரு கிளிஃப் தன் வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அவரும் கச்சேரிக்குத்தான். வெண்டெல் பிரேக் போட்டார். சீட்டைத் தூக்க வசதியாக டோரீன் தானே இறங்கி நின்றுகொண்டார், பழக்கம்.

"வெண்டெல், நேரம் ஆகுது."

"ஒரே நிமிஷம், கண்ணு."

இந்த இனத்தாரின் ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது கூட வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஊர்ப் பெரிய சாலைக்கு அடியில் கோல்ஃப் வண்டிகளுக்கென்று ஒரு சுரங்கப்பாதை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரே வருகிறவர் வாசலில் காத்திருக்க வேண்டும். கச்சேரி அரங்கத்துக்கு அதுதான் வழி. அந்தச் சுரங்கத்தின் நட்டநடுவில் வெண்டெலின் வண்டி நின்றது. முனகவில்லை, திணறவில்லை. நின்றது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்லை. ஊசி ஃபுல்லுன்னு காட்டுதே!"

"ஊசி காட்டட்டும். வண்டி நிக்குதே!"

பின்னால் கிளிஃப் வண்டி, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னும் பல. கச்சேரிக்குக் கிளம்பிய பாதி ஊர், மடியில் நாற்காலிக் குஷனும் கையில் விசிறியுமாக, திரும்பவும் முடியாமல் போகவும் முடியாமல் வரிசையாக நின்றது. டோரீன் இறங்கி விறுவிறுவென்று எதிர்ப்பக்கம் நடந்தார். அங்கே சுரங்க வாசலில் மெர்ல் காத்திருந்தார். எங்கள் தெருவில் இன்னும் ஈய பேட்டரியோடு காலம் தள்ளுகிற ஒரே மனிதர்; வெண்டெல் இவரைக் கற்காலம் என்றுதான் கூப்பிடுவார். மெர்ல் பாட்டுக்காரப் பெண்மணிகள் சிலரை அரங்கத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க டோரீன். மெதுவாத்தான் போகும். ஆனா போகும்."

டோரீன் திரும்பிச் சுரங்கத்துக்குள் குரல் கொடுத்தார். "வெண்டெல், நீயும் வா! பின் சீட்டு காலியாத்தான் இருக்கு. வண்டி கிடந்துட்டுப் போகுது!"

வெண்டெல் மனைவியைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பின்னால் பார்த்தார். எங்கேயும் ஓட முடியாத ஒரு கூட்டம். வாழ்நாளில் அவருக்குக் கிடைத்திராத கூட்டம்.

"நீ முன்னாடி போ, கண்ணு. நான் பின்னாலேயே வந்துடறேன்."

சொல்லிவிட்டுச் சீட்டைத் தூக்கினார்.

"ஏம்ப்பா, எல்லாருமா சேர்ந்து தள்ளிடலாமே?" என்றார் கிளிஃப்.

"தள்ளலாம், தள்ளலாம். அதுக்கு முன்னாடி இதைப் பாரு. பழைய பேட்டரியா இருந்தா இந்த வண்டியைத் தள்ளவே முடியாது. இது எவ்வளவு லேசு தெரியுமா?"

அவ்வளவு லேசான வண்டியை ஏன் தள்ளவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அங்கே இருந்தவர்களில் சொந்த முழங்கால் உள்ளவர்கள் குறைவு.

"உங்க வண்டியெல்லாம் செத்துச் செத்துப் பிழைக்கும். இது பாருங்க, கடைசி நொடி வரைக்கும் முழு வேகம்! அப்புறம்தான் நின்னுச்சு!"

சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் விலை கேட்டார். வெண்டெல் வகுக்க ஆரம்பித்தார்.

அரங்கத்தில் பாதி நாற்காலிகள் காலி. முதல் வரிசையில் டோரீன் தன் சால்வையைப் போட்டுப் பிடித்து வைத்திருந்த நாற்காலியும் காலி. அந்த அம்மாள் முன்னால் வந்து நின்று, அந்தச் சால்வையைப் பார்த்துப் பாடினார். அருமையாகப் பாடினாராம். மெர்ல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானும் சுரங்கத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

பழுது பார்க்கிறவர்கள் வந்து வண்டியை வெளியே இழுத்துப் போட்ட பிறகு, வெண்டெல் முகமெல்லாம் பல்லாக வீடு வந்து சேர்ந்தார். "மூணு பேர் மாத்தறேன்னுட்டாங்க! கிளிஃப் நாளைக்கே ஆர்டர் போடறான்!" என்றார். டோரீன் சாப்பாட்டை எடுத்து வைத்தார். கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தார். வெண்டெல் உருளைக்கிழங்கு முழுவதையும் தின்று முடித்து வாயைத் துடைத்தார்.

"ஆமா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

டோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்த மெர்லோட வண்டி மேட்டுல திணறுச்சா?"

டோரீன் முள்கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டார். "திணறுச்சு" என்றார். "நடந்து போறவங்க எங்களைத் தாண்டிப் போனாங்க. அவ்வளவு மெதுவாப் போனதால என் பாட்டை ஆரம்பத்திலேர்ந்து கடைசி வரைக்கும் அவருக்கு ரெண்டு தடவை பாடிக் காட்டினேன். மனுஷர் ஒரு வார்த்தை குறுக்கே பேசலை."

வெண்டெல் உண்மையாகவே வருத்தப்பட்டார். "பாவம்" என்றார். "அந்த ஆளுக்குத்தான் முதல்ல மாத்தி விடணும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் கோல்ஃப் வண்டி இல்லை என்கிற தைரியம். போன வருஷம் செக்கு எண்ணெய்க்கு மாறினீர்களே, அன்றிலிருந்து உங்கள் வீட்டில் எத்தனை பேர் நிம்மதியாக ஒரு அப்பளம் தின்றார்கள்? கூரையில் சோலார் போட்டீர்களே, வந்த விருந்தாளியைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் மொட்டை மாடி வெயிலுக்கு ஏற்றியது யார்? இதைப் படித்த கையோடு வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு, "நமக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன் அச்சு அசலா இப்படித்தான்" என்று சொல்ல உங்களுக்கு நாக்கு துறுதுறுக்கிறது. தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டிலிருக்கிற அவர் உங்களிடம் ஏதோ சொன்னாரே, என்ன அது?