ஒருமுறையும் சிக்காத கைத்துப்பாக்கி

குறிபார்த்துச் சுடும் போட்டிக்கு ஒரு சின்னக் கைத்துப்பாக்கி வேண்டுமானால், சுடுகிறவன் நேரே கடைக்குப் போய், கையில் பிடித்துப் பார்த்து, நாலு தோட்டா சுட்டுப் பார்த்து வாங்கி வந்துவிடலாம் என்று பொதுமக்கள் நினைக்கிறார்கள். பொதுமக்கள் அப்படித்தான், எதையும் சுலபம் என்று நினைத்துவிடுவார்கள். இப்பேர்ப்பட்ட நினைப்பிலிருந்து அவர்களைக் காப்பாற்றத்தான் அரசு அலுவலகங்கள் இராப்பகலாக உழைக்கின்றன.

குடிநீர்த் துறையின் பராமரிப்புப் பிரிவு மேலாளர், துறைகளுக்கிடையிலான துப்பாக்கி சுடும் போட்டியில் வருடா வருடம் கலந்துகொள்பவர். நன்றாகவே சுடுவார். போன வருடம் இறுதிச் சுற்றில் முன்னணியில் இருந்தார். கடைசித் தோட்டா, துறையின் கிழட்டுப் பிஸ்டலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. வரித்துறைக்காரர் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனார். அவர் யாரோ ஒரு மூன்றாம் மனிதராக இருந்திருந்தால் மேலாளர் மறுநாளே மறந்திருப்பார். மனைவியின் கூடப்பிறந்த அண்ணனாகப் போய்விட்டார்.

அன்றிலிருந்து மச்சான் வீட்டுக்கு வரும்போதெல்லாம், அலமாரிக் கதவு கொஞ்சம் இறுக்கமாகத் திறந்தாலும் போதும், "என்ன மாப்ள, இதுவும் சிக்கிக்கிச்சா?" என்பார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மச்சான் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், கட்டிக்கொண்டவள் சிரிக்கலாமா? மேலாளருக்கு வயிறு எரிந்தது. இந்த வருடம் மச்சானை மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினார்.

சிக்காத, நம்பகமான, போட்டிக்குரிய பாயிண்ட் டூ டூ அளவுப் பிஸ்டல் ஒன்று வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் விழித்துக்கொண்டு, 'கைத்துப்பாக்கி நம்பகத்தன்மை உயர்நிலை ஆய்வுக் குழு' ஒன்றை அமைத்தது. துணை இயக்குநர் தலைவர். சட்ட அலுவலர் அம்மாவும் மக்கள் தொடர்பு அலுவலரும் உறுப்பினர்கள். மூவரில் ஒருவரும் ஆயுளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. எனவே பாரபட்சத்துக்கு இடமில்லை. சுடத் தெரிந்த மேலாளருக்கு மட்டும் குழுவில் ஓட்டு கிடையாது.

"சுடுறவரே துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தா அது சுயநலம் இல்லையா?" என்று கேட்டார் துணை இயக்குநர். மேலாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தேநீருக்குச் சொல்லி அனுப்பலாம் என்று அனுமதி தரப்பட்டது.

துப்பாக்கிக் கடைக்காரர் வந்து, மேஜைமேல் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தார். ஒன்றில் சாம்பல் நிறத்தில் சாதாரணமான ஒரு பிஸ்டல். மேலாளர் அதை எடுத்தார். கைப்பிடி அவர் உள்ளங்கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. காலித் துப்பாக்கிதான் என்று இரண்டுமுறை பார்த்துவிட்டு, சுவரை நோக்கி விசையை மெல்ல அழுத்தினார். வெடுக்கென்று இழுக்காமல், சுகமாக விட்டுக்கொடுத்தது. மேலாளருக்கு அதைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை.

"எங்க சுடுதளத்துல பல வருஷமா இதைத்தான் சார் சுடுறாங்க. துடைச்சு எண்ணெய் போட்டு வச்சா நல்லா உழைக்கும். தோட்டா மட்டமா இருந்தா எப்பவாவது சிக்கும், அவ்வளவுதான்" என்றார் கடைக்காரர்.

துணை இயக்குநர் நிமிர்ந்தார். "அப்போ சிக்கும்."

"எப்பவாவது சார்."

"சிக்கும்னு அவரே வாக்குமூலம் குடுத்துட்டார். குறிச்சுக்குங்க."

இரண்டாவது பெட்டியில் தங்க முலாம் பூசிய பிஸ்டல் ஒன்று தகதகவென்று கிடந்தது. மக்கள் தொடர்பு அலுவலர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

"இப்போ இதுதான் சார் ஃபேஷன். டாக்டர், வக்கீல், கட்டட கான்ட்ராக்டர், எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்லை" என்றார் கடைக்காரர்.

"எத்தனை பேர் சுட்டுப் பார்த்தாங்க?" என்று மேலாளர் குறுக்கே விழுந்தார்.

கடைக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "இதைப் போய் யாரு சார் சுடுவாங்க? கையில வச்சு ஒரு போட்டோ எடுப்பாங்க, பெட்டியில வச்சுடுவாங்க."

"ஒருத்தர்கூட சுடலைன்னா சிக்குமா சிக்காதான்னு எப்படித் தெரியும்? நாமளாவது சுட்டுப் பார்க்கலாமே!"

"சுட்டுப் பார்த்து சிக்கிடுச்சுன்னா?" என்றார் சட்ட அலுவலர் அம்மா.

"சிக்கினா வாங்க வேண்டாம்."

"புகாரே இல்லாத ஒரு பொருளுக்கு நாமளே போய் புகாரை உண்டாக்குறதா? அந்தத் துப்பாக்கி மேல உங்களுக்கு என்ன விரோதம்?"

மேலாளர் வாயைத் திறப்பதற்குள் துணை இயக்குநர் கையமர்த்தினார். "புதுக் குழாய் போட்ட தெருவுல தண்ணி திறந்து விடாம இருந்தா கசிவுப் புகார் வராது, அந்தத் தெருக்களைச் சிறந்த தெருன்னு அறிவிக்கலாம்னு யோசனை சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"அதுக்கு விருது வாங்கினது?"

"அதுவும் நான்தான்."

"தெருவுக்கு ஒரு நியாயம், துப்பாக்கிக்கு ஒரு நியாயமா?"

மேலாளர் அசடு வழிந்தார். யோசித்துப் பார்த்தால் வாதத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. அவரே கட்டிய வாதம் அல்லவா! தங்கப் பிஸ்டல் ஏகமனதாகத் தேர்வானது. 'மேற்படி துப்பாக்கியின் புகாரற்ற நிலைக்கு எவ்விதப் பங்கமும் நேராவண்ணம் அதைப் போட்டியில் பயன்படுத்துதல் வேண்டும்' என்று ஆணையும் வந்தது. அதாவது, சுடக்கூடாது.

போட்டி நாளன்று மேலாளர் செத்த முகத்தோடு சுடுதளத்துக்குப் போனார். மனைவியும் கூட வந்தாள். இன்று மச்சான் முன்னால் மானம் கப்பலேறப் போகிறது என்று நினைத்துக்கொண்டே வரிசையில் போய் நின்றவர், திரும்பிப் பார்த்துத் திகைத்துப்போனார். மச்சான் கையிலும் தங்கப் பிஸ்டல். அவருக்கு அடுத்த மின்துறைக்காரர் கையிலும் தங்கப் பிஸ்டல். வரிசை முழுக்கத் தங்கம்!

"உங்களுக்கும் குழு போட்டாங்களா மச்சான்?"

"போடாம? ஆணையும் கையில இருக்கு. வாயை மூடிக்கிட்டு நில்லுங்க மாப்ள."

நடுவர் கையசைத்தார். எல்லோரும் குறி பார்த்தார்கள். ஒரு வெடிச் சத்தமும் இல்லை. நேரம் முடிந்ததும் நடுவர் இலக்கு அட்டைகளைப் பரிசோதித்து, ஒருவரும் ஒரு குறியும் தவறவிடவில்லை என்று அறிவித்தார். இப்படியொரு சாதனை இதுவரை நடந்ததில்லையாம். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

எல்லோரும் முதலிடம் என்பதால் வெற்றியாளரைத் தீர்மானிக்க இன்னொரு சுற்று வைத்தார்கள். துப்பாக்கியை நீட்டியபடி கடைசிவரை ஆடாமல் அசையாமல் நிற்பவர் ஜெயித்தவர். மின்துறை முதலில் கையைத் தொங்கப்போட்டது. ஒவ்வொருவராக விலகி, மேலாளரும் மச்சானும் மட்டும் மிஞ்சினார்கள். மேலாளருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. அலமாரிக் கதவை நினைத்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மச்சானின் கை நடுங்கியது, இறங்கியது.

"மாப்ள, ஒத்துக்கிறேன். உங்களை மாதிரி சுடாம இருக்க யாராலயும் முடியாது" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார் மச்சான். மனைவி ஓடி வந்து, "என்னங்க, பிரமாதம்!" என்றாள். ஒரு வருடத்து அவமானம் ஒரே நொடியில் கரைந்தது. மேலாளருக்கு உண்மையிலேயே கண்ணீர் வந்துவிட்டது. மேடையேறிப் பதக்கத்துக்குக் கழுத்தை நீட்டியவர், கண்ணைத் துடைக்கச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை உருவினார்.

கைக்குட்டையோடு ஒரு தோட்டா வெளியே வந்து விழுந்து, மேடையில் உருண்டது. போட்டிக்குக் கிளம்பும்போது எப்போதும் போடுகிற பழக்கத்தில் காலையில் பையில் போட்டது. அவருக்கே ஞாபகமில்லை.

நடுவர் குனிந்து அதை எடுத்து, உயர்த்திக் காட்டினார்.

"துப்பாக்கி சுடும் போட்டிக்குத் தோட்டாவோட வந்திருக்கீங்களா?"

"அடப்பாவி!" என்று யாரோ கத்தினார்கள். "ஏமாத்துக்காரன்! இறக்குங்கய்யா அவனை!" என்றது கூட்டம். பதக்கம் கைமாறி மச்சானின் கழுத்துக்குப் போனது. மனைவி தலையில் அடித்துக்கொண்டு, அண்ணன் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மேலாளர் நடுவரின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார்: "சத்தியமா சொல்றேன் சார், சுடணும்ங்கிற நினைப்பே எனக்கு வரலை!"