வெங்காயத்துக்கு முன்னால் மாப்பிள்ளை

உ
சிவமயம்

குட்மேய்ஸ், லண்டன்
12.06.1994

பெருமதிப்புக்குரிய சம்பந்தி கல்யாணசுந்தரம் அவர்களுக்கு, தில்லையம்பலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அம்மன் துணையால் இங்கு எல்லோரும் சுகம். வெள்ளவத்தையில் நீங்களும் நல்ல தென்போடு இருக்கிறீர்கள் என்பதை உங்கள் கடிதத்திலிருந்தே அறிந்துகொண்டேன். நான்கு பக்கமும் வேகம் குறையவில்லை.

முதலில் ஒரு சந்தோஷச் செய்தி. இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். எழுபது வயதுவரை கைநாட்டு வைத்த கை இது. உங்கள் மகள் சந்திரவதனா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு என்னைச் சமையலறை மேசையில் இருத்தி எழுத்துச் சொல்லித்தந்தாள். ஆகவே என் வாழ்நாளில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நானே வாசித்த முதல் கடிதம், நீங்கள் என்னை ஏசி எழுதியதுதான். 'வெட்கங்கெட்ட' என்ற சொல்லை எழுத்துக் கூட்டாமலே வாசித்தேன். உங்கள் மருமகன் பாலேந்திராவைக் கூப்பிட்டு இன்னொரு தரம் உரத்து வாசித்துக் காட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. கையெழுத்தும் நல்ல தெளிவு. மிக்க நன்றி.

விசா கிடைக்காமல் கல்யாணத்துக்கு நீங்கள் வர முடியாமல் போனது எங்களுக்கும் கவலை. அடுத்த மாதம் வரும்போது எங்கள் வாசலை மிதிக்க மாட்டேன், லூயிஷாமில் ஒன்றுவிட்ட தம்பி வீட்டில்தான் தங்குவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மாப்பிள்ளையைச் சாமான் வானில் ஏற்றி வந்ததும், மணப்பெண் மூட்டை இழுத்ததும் உங்கள் காதுக்கு எட்டிவிட்டன. யார் சொன்னதென்று கேட்க மாட்டேன். ஆனால் நடந்ததை ஒழுங்காகச் சொன்னால், அது யப்பான் நாட்டு முறை பிசகியதால் வந்த வினை என்று உங்களுக்கே விளங்கும்.

எங்கள் முன்வீட்டில் ஒக்குடா என்று ஒரு யப்பான்காரர் இருக்கிறார். மகளோடு தங்க வந்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய இங்கிலீசும் என்னுடையதும் ஒரே உயரம். அதனால் பேச்சுத் தடையில்லாமல் ஓடும். யுத்தம் முடிந்த காலத்தில் அவர் வடக்கே பனி கொட்டும் தீவு ஒன்றில் ரயில் கார்ட்டாக இருந்தார். அங்கே ஒரு முழு ரயிலுக்குச் சனமும் இல்லை, இன்னொரு முழு ரயிலுக்குச் சாமானும் இல்லை. ஆகவே ஒரே எஞ்சினில் நிலக்கரி, மரம், மீன் ஏற்றிய பெட்டிகளைக் கோர்த்து, வாலில் ஒரு சனப்பெட்டியைக் கொழுவிவிடுவார்கள். ஸ்டேசனுக்கு ஸ்டேசன் எஞ்சின் சனப்பெட்டியை மேடையிலே விட்டுவிட்டு, சாமான் பெட்டிகளை மட்டும் இழுத்துக்கொண்டு போய் ஒன்றைக் கழற்றி, இன்னொன்றைக் கொழுவி, ஆறுதலாகத் திரும்பி வரும். அதுவரை சனம் இறங்கித் தேத்தண்ணி குடிக்கும். ஒருவரும் கோபிக்க மாட்டார்கள், நேர அட்டவணையிலேயே அந்தத் தாமதம் போட்டிருக்குமாம். எஞ்சின் ஆவியில் பெட்டியைச் சூடாக்கும் குழாய் சாமான் பெட்டிகளுக்குக் கிடையாது. ஆகவே கடைசியில் இருக்கும் சனத்துக்குச் சூடு வராது. அதற்காகச் சனப்பெட்டிக்குள்ளேயே கரி அடுப்பு ஒன்று வைத்துவிடுவார்கள். இதையெல்லாம் அவர் எங்கள் மேசையில் உருளைக்கிழங்கை அடுக்கித்தான் எனக்குக் காட்டினார். எஞ்சின் கத்தரிக்காய்.

இனிக் கல்யாண நாள். நல்ல குளிர். உறவினர் எல்லோரும் முதலே பஸ்ஸில் வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளைக்கென்று வாடகைக்குப் பிடித்த கார் வரவில்லை, போன் பண்ணினால் எடுப்பாரும் இல்லை. வாசலில் நின்றது என் மூத்தவன் கணேசலிங்கத்தின் கடை வான் மட்டும்தான். அதில் வெங்காயமும் கிழங்கும் ஏற்றியாகிவிட்டது. ஈஸ்ட்ஹாமில் ஒரு கடை, வெம்பிளியில் ஒரு கடை, இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள் என்றான் கணேசலிங்கம். எனக்கு உடனே ஒக்குடா அண்ணையின் உருளைக்கிழங்கு ஞாபகம் வந்தது. சாமானும் போகும், சனமும் போகும். பாலேந்திராவை முன் சீட்டில் இருத்தலாம் என்றால், கட்டிய தலைப்பாகை கூரையில் முட்டியது. என் தங்கச்சி கனகாம்பிகை, "தாலி கட்டுமட்டும் தலைப்பாகை அவிழ்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். வானின் பின்பக்கம் உயரம் கூட. சரி, பின்னால் ஏறட்டும் என்றேன்.

ஒக்குடா அண்ணை தொப்பியும் கோட்டுமாக வந்து வானைப் பார்த்தார். மூட்டைகளை உள்ளே தள்ளச் சொல்லி, கதவோரத்தைக் காட்டி, "கோச், ஹியர்" என்றார். அதாவது சனப்பெட்டி வாலில். அதுதான் முறை. ஆனால் கனகாம்பிகை கூறைச்சேலைத் தட்டோடு நடுவில் வந்து நின்றாள்.

"என்ன அண்ணை, மாப்பிள்ளையை வெங்காயத்துக்குப் பின்னாலை இருத்திறதோ? பொம்பிளை வீட்டுக்காரர் பார்த்தால் என்ன நினைப்பினம்?"

"அது ரயில் முறையடி."

"ரயிலுக்குக் கலியாணமோ நடக்குது? மாப்பிள்ளை முன்னுக்கு. வெங்காயம் பின்னுக்கு."

சம்பந்தி, இந்த இடத்தில் நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கு மரியாதை குறையக்கூடாது என்றுதான் அவள் சொன்னாள். மூட்டைகளை இறக்கி, பாலேந்திராவையும் தோழனையும் கனகாம்பிகையையும் உள்ளே ஆழத்தில் கதிரை போட்டு இருத்தி, அவர்களுக்குப் பின்னால் மூட்டைகளைக் கூரைவரை அடுக்கிக் கதவைச் சாத்தினோம். அந்த வானுக்குப் பின்கதவு ஒன்றுதான். ஒக்குடா அண்ணை வானுக்கு ஒரு தரம் தலை வணங்கிவிட்டு எங்களோடு முன்னால் ஏறினார்.

ஈஸ்ட்ஹாமில் குறை இல்லை, ஒரு வரிசை மூட்டை இறங்கியது. கடைக்காரர் மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். மாப்பிள்ளை வெளியே வர ஏலாததால், முன் சீட்டுக்குப் பின்னால் உள்ள சின்ன யன்னலால் கோப்பையை நீட்டினோம். அந்த யன்னலால் கனகாம்பிகையின் முகம் தெரிந்தது. "அண்ணை, இஞ்சை குளிரிலை சாகிறம்! ஹீற்றர் உங்களுக்கு மட்டுமோ?" என்றாள். அதைக் கேட்டு ஒக்குடா அண்ணைக்கு வந்த சந்தோஷத்தை நான் எழுதி முடிக்க மாட்டேன். "சேம்! சேம்!", அங்கேயும் இதே மாதிரித்தான் என்று என் முழங்காலில் தட்டினார். சூடு சனப்பெட்டிக்குப் போகாதல்லவா. தன் சுடுதண்ணிப் போத்தலை யன்னலால் கொடுத்தார்.

வெம்பிளியில் கடை பூட்டிக் கிடந்தது. மூட்டைகளை வாசலில் வைத்துவிட்டுப் போவோம் என்றேன். "கவுன்சில்காரன் பைன் எழுதுவான் அப்பா" என்றான் கணேசலிங்கம். அரை வான் வெங்காயத்தோடு வெஸ்ட் ஈலிங் போய்ச் சேர்ந்தோம். கோயில் வாசலில் பட்டு வேட்டியோடு ஒருவர் பல்லைக் குத்திக்கொண்டு நின்றார். பார்த்தால் அதே வெம்பிளிக் கடைக்காரர் பத்ரிநாராயணன். எங்கள் கல்யாணத்துக்குத்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். நாங்களே கல்யாணக் கார்ட் கொடுத்துக் கூப்பிட்டிருந்தோம்.

"என்ன சார், மாப்பிள்ளை எங்கே?" என்றார்.

"உங்கடை வெங்காயத்துக்குப் பின்னாலை" என்றான் கணேசலிங்கம்.

உள்ளே ஐயர் முகூர்த்தம் போகுது, முகூர்த்தம் போகுது என்று கூப்பிடுகிறார். மாப்பிள்ளையின் காலைக் கழுவ உங்கள் லூயிஷாம் தம்பியின் மகன் செம்போடு வந்து, வானைப் பார்த்து, செம்பை மதிலில் வைத்துவிட்டு மூட்டையைப் பிடித்தான். பத்ரிநாராயணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "என் சரக்குதானே, நானே எறக்கிக்கிறேன்" என்றார். நாயனக்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை, அதற்கேற்ற மாதிரி மூட்டை இறங்கியது. சந்திரவதனா கூப்பிடுமட்டும் அறைக்குள் இருக்க வேண்டியவள், நான் ஒப்புக்கொள்கிறேன். அவளை ஒருவரும் வரச் சொல்லவில்லை. அவள் தானாக வாசலுக்கு வந்து, முந்தானையை இடுப்பில் செருகி, தோழி ராஜியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, இன்னும் எத்தினை மூட்டைக்கு அங்காலை அவர்?"

வானுக்குள்ளிருந்து பாலேந்திராவின் குரல் வந்தது. "ரெண்டு வரிசை இருக்கும். நீங்கள் ஆர் கதைக்கிறது?"

"உங்களைக் கட்டப் போறவள்" என்றாள் உங்கள் மகள்.

கடைசி மூட்டையை இழுத்தது அவள்தான். தலைப்பாகையில் வெங்காயச் சருகோடு அவன் நின்றான். அவள் அதைத் தட்டிவிட்டுத் திரும்பவும் அறைக்குள் போய், கூப்பிடுமட்டும் இருந்தாள். முகூர்த்தம் தப்பவில்லை. ஒக்குடா அண்ணை மட்டும் வானருகில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, "கோச் லாஸ்ட்", சனப்பெட்டி கடைசியில்தான், என்று ஒரு தரம் சொன்னார்.

ஆகவே சம்பந்தி, உங்களுக்குச் செய்த மரியாதை கூடிப்போனதால் வந்த பிழை இது. இனி அப்படி நடவாது. அந்த வானை விற்றுவிட்டோம். சந்திரவதனா அன்றைக்குப் பிறகு ஒரு கிழங்குகூடத் தூக்கியதில்லை, பூப்போல வைத்திருக்கிறோம். ஒக்குடா அண்ணையோடு நான் ரயில் கதை கதைப்பதையும் நிறுத்திவிட்டேன். நீங்கள் ஹீத்ரோவில் வந்து இறங்கும்போது வெங்காய மணமே படாத காரில் கணேசலிங்கம் வந்து நிற்பான். நேராக எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

சம்பந்தி அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். எல்லோருக்கும் நோயில்லாத வாழ்வைத் துர்க்கை அம்மன் கொடுக்க வேண்டும். கை நோகிறது, ஆனால் நிறுத்த மனமில்லை.

இப்படிக்கு,
தானே எழுதும்,
க. தில்லையம்பலம்

பி.கு.: கடிதத்தைப் பிழை பார்க்க சந்திரவதனாவிடம் கொடுத்தேன். "எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை மாமா, மற்றப் பிழைதான் கிடக்கு" என்று திருப்பித் தந்துவிட்டாள். ஆகவே திருத்துகிறேன். வான் விற்கவில்லை. நீங்கள் வரும் அதே பிளேனில் எங்கள் கடைக்கு முருங்கைக்காயும் வருகிறது. அதனால் கார் வராது, வான்தான் வரும். முருங்கைக்காய் உள்ளுக்கு, நீங்கள் கதவோரம். இதை மரியாதைக் குறைவாக எடுக்க வேண்டாம், இதுதான் சரியான முறை. வெம்பிளியிலும் ஈஸ்ட்ஹாமிலும் இறங்கித் தேத்தண்ணி குடிக்கலாம். சுவெற்றர் போட்டுக்கொண்டு வரவும், சூடு பின்னுக்கு வராது. ஒக்குடா அண்ணை இப்போதே ரயில் கார்ட் காட்டும் பச்சைக்கொடி தைத்து வைத்திருக்கிறார். லூயிஷாமுக்குத்தான் போவேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தால் வான் ஓட்டுகிறவரிடம் கேட்டுப் பார்க்கவும். ஓட்டுவது உங்கள் மகள்.