பத்துக் கிலோ ரம்பமும் ஐம்பத்திரண்டு கிலோ அத்தானும்

பட்டதாரிகளுக்கு ஒரு வியாதி உண்டு. தெரியாத விஷயம் ஒன்று எதிரே வந்தால், மற்றவர்கள் தெரிந்தவரிடம் போய்க் கேட்பார்கள். நாங்கள் உடனே அட்டவணை போடுவோம். கட்டங்களை நிரப்பி முடித்ததும் விஷயமே தெரிந்துவிட்டது போல ஒரு தெம்பு வரும். அந்தத் தெம்பில் நான் வாங்கிய சங்கிலி ரம்பம் இன்றைக்கும் எங்கள் வீட்டு முன்னறையில், தொலைக்காட்சிக்குக் கீழே, வந்த பெட்டிக்குள்ளேயே ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள், இளைய மகளான நான். அதில் இன்றும் எனக்குப் பெருமைதான். அன்று இருந்தது பெருமை அல்ல, தலைக்கனம். மனிதவள நிர்வாகத்தில் பட்டம். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை. சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போதும் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் வருவேன். (கழற்ற மறந்துவிட்டதாகச் சொல்வேன். இரண்டு வருடமாக மறந்துகொண்டிருந்தேன்.)

அக்கா ஈஸ்வரி மூன்றாம் படிவத்தோடு நின்றவள். அவள் கணவர் குணா அத்தான் மரம் அறுப்பவர். கோல சிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் வரைக்கும் மறுநடவுக்காக எங்கே பழைய தென்னையையும் செம்பனையையும் சாய்த்தாலும் அத்தான் அங்கே இருப்பார், ஆனால் எப்போதும் இன்னொரு குத்தகைக்காரரின் கூலியாளாக. அக்காவும் கூடப் போவாள். கயிறு இழுப்பாள், பெட்ரோல் ஊற்றுவாள், மழுங்கிய சங்கிலியை அரம் வைத்து ராவுவாள். அத்தானின் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், எடை ஐம்பத்திரண்டு கிலோ. இந்த இரண்டு எண்களும் எனக்கு அப்போதே தெரியும். அதுதான் கேவலம்.

அந்த ஆண்டு, சுங்கை பெசார் பக்கம் நிலம் வைத்திருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர், எல்லோருக்கும் அவர் பாக் ஹாஜி, தன் நிலத்தில் இருந்த நாற்பது கிழட்டுத் தென்னைகளை வெட்ட நேரடியாக அத்தானையே கூப்பிட்டார். ஒரு நிபந்தனை. முதலில் வாய்க்கால் ஓரம் நிற்கும் மூன்று மரங்கள். ஒரு சனிக்கிழமை காலையில் வந்து, வேலியும் கரையும் கெடாமல் சாய்த்துக் காட்டினால் மீதி முழுவதும் அத்தானுக்கு. இல்லாவிட்டால் அத்தானின் பழைய முதலாளிக்கு. அவரும் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்.

பன்னிரண்டு வருடம் அடுத்தவர் கீழே வேலை செய்தவருக்கு முதன்முதலாகச் சொந்தக் குத்தகை. லோரிக் கதவில் எழுதப்போகும் பெயரைக்கூட அக்கா ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தாள், மூன்று விதமான எழுத்தில்.

அத்தானிடம் சொந்தமாக ஒரு ரம்பம் இருந்தது. கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிய பழசு. "இதை வெச்சுக்கிட்டு அங்க போய் நிக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். என் போனசில் புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று அறிவித்தேன். அக்காவின் கண் கலங்கியது. அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இந்தக் குடும்பத்தின் தெய்வம். வாங்கித் தருவது நான் என்றால் தேர்ந்தெடுப்பதும் நான்தான் என்று சேர்த்துச் சொன்னேன்.

கடையில் பொருத்தமானவை இரண்டு இருந்தன. ஒன்று அறுபது சிசி, சங்கிலி ஓடும் தகடு இருபது அங்குலம். மற்றது தொண்ணூறு சிசிக்கு மேல், தகடு முப்பது அங்குலம். அத்தான் தன் வாழ்க்கையில் என்னிடம் கேட்ட ஒரே பொருளைக் கேட்டார்: "அந்த இருபது இன்ச்சு போதும்லா யோகா. தென்னைக்கு அதுவே தாராளம்."

நான் சிரித்தேன். வேலைக்கு வருபவர் குறைந்த சம்பளம் கேட்டால் எங்கள் அலுவலகத்தில் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

ஒரு வாரம் உட்கார்ந்து இரண்டு ரம்பங்களையும் நேர்காணல் செய்தேன். மிகையாகச் சொல்லவில்லை, எங்கள் அலுவலக மதிப்பெண் படிவத்தையேதான் பயன்படுத்தினேன். திறன், வேகம், நீளம், எதிர்கால வளர்ச்சி, தோற்றம். (ரம்பத்துக்கு என்ன எதிர்கால வளர்ச்சி என்று யாராவது கேட்டிருக்கலாம். வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை.) எடை என்று ஒரு கட்டமும் இருந்தது. சின்னது ஆறு கிலோவுக்குப் பக்கம், பெரியது பெட்ரோலோடு பத்துக்கு மேல். பெரியதற்கு முழு மதிப்பெண் போட்டேன்.

ஏன் போட்டேன் என்றால், நான் வளர்ந்த விதம் அப்படி. எங்கள் அம்மா எதை வாங்கினாலும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். தோசைக்கல் கனமாக இருந்தால் நல்ல கல். குத்துவிளக்கு கனமாக இருந்தால் நல்ல விளக்கு. எவர்சில்வர் குடம் லேசாக இருந்தால் கடைக்காரர் அன்றைக்குத் தொலைந்தார். கனம்தான் தரம் என்று தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் கற்றதை நாலு வருடப் பட்டப்படிப்பும் என்னிடமிருந்து அசைக்கவில்லை. தோசைக்கல்லை யாரும் கையில் ஏந்தியபடி சேற்றில் நின்று தோசை சுடுவதில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பெரியது எண்பத்தெட்டு. சின்னது நாற்பத்தொன்று, தோல்வி.

கடைக்காரர் வயதான சீனர். என் அட்டவணையை மரியாதையாக வாங்கி, தலைகீழாக ஒரு முறை, நேராக ஒரு முறை பார்த்துவிட்டு, மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதைத் தூக்கப் போவது யார்? நான் அத்தானைக் கை காட்டினேன். அவர் அத்தானைப் பார்த்தார். பிறகு ரம்பத்தைப் பார்த்தார். மறுபடி அத்தானைப் பார்த்தார். அத்தான் தன் செருப்பைப் பார்த்தார்.

"அதெல்லாம் பழகிடும்" என்றேன், மலாயில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கஷ்டம் என்று வருபவரிடம் சொல்லும் அதே குரலில். கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டியைக் கட்டினார்.

அந்தச் சனிக்கிழமை நானும் போனேன். அழைப்பு இல்லை, ஆனால் மேற்பார்வைக்கு ஓர் ஆள் வேண்டாமா? பழைய ரம்பத்தை எடுத்து வரக் கூடாது, பார்ப்பவர்கள் மதிக்க மாட்டார்கள் என்று கிளம்பும்போதே கட்டளையிட்டேன். அத்தான் தலையாட்டினார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தாறு வருடம் அவகாசம் கிடைத்திருந்தது.

பாக் ஹாஜி வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக வேலி ஓரம் நின்றார். நான் நேராக அவரிடம் போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட அட்டவணையைக் கையில் கொடுத்து, குதிரைத்திறனைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் பண்பானவர். கேட்டுக்கொண்டே என் தலைக்கு மேலாக அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே அக்கா மரத்தின் மேல்பகுதியில் கயிறு கட்டி, மறுமுனையை லோரியோடு பிணைத்திருந்தாள். அத்தான் ரம்பத்தைத் தூக்கினார். தூக்கினார் என்பது மரியாதைக்காக. குழந்தையை இடுப்பில் ஏற்றுவது போல முதலில் முழங்காலுக்கு, அங்கிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு ஏற்றினார். அந்த மண் வாய்க்கால் ஓரத்துக் கறுப்பு மண். வெறுங்காலோடு நடந்தாலே அமுங்கும். பத்துக் கிலோவைச் சுமந்துகொண்டு நின்ற அத்தான் கணுக்கால் வரை உள்ளே போனார்.

ரம்பம் கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. (எண்பத்தெட்டு மதிப்பெண் சும்மாவா?)

தென்னை ஒன்றேகால் அடி அகலம்கூட இல்லை. முப்பது அங்குலத் தகட்டில் பாதி, மரத்தின் மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பாதிக்கு வேலை எதுவும் இல்லாததால் அதுவாக ஒரு வேலை தேடிக்கொண்டது. கரைச் சேற்றைத் தொட்டு, அள்ளி, வேலிப் பக்கமாக வீசியது. பாக் ஹாஜியின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. அத்தான் பதறி ஒரு கால் பின்வாங்கினார். அந்தக் கால் முழங்கால் வரை புதைந்தது. ரம்பத்தின் கனம் அவரைக் கீழே இழுக்க, வெட்டு கோணலாகப் போக, மரம் மெதுவாகப் பின்பக்கம் சாய்ந்து தகட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. இன்ஜின் விக்கி நின்றது. கயிறு மட்டும் இல்லாவிட்டால் மரம் வேலியை நசுக்கியிருக்கும்.

பாக் ஹாஜி கைப்பேசியை வெளியே எடுத்தார். அத்தானின் பழைய முதலாளியின் எண் அதில் இருக்கும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அக்காவின் முகத்தை அன்று பார்த்தது போல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்திலாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். நான் தலைமை ஏற்றேன். ஓடிப்போய் ரம்பத்தின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"ஏ யோகா, எட்டப் போ" என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. அதனால் அதை நான் ஆலோசனை என்று எடுத்துக்கொண்டேன்.

என் முழு பலத்தோடும் இழுத்தேன். ரம்பம் அசையவில்லை. எண்ணெய்ப் பிசுக்கில் என் கை வழுக்கியது. அடுத்த கணம் நான் வாய்க்காலுக்குள் மல்லாந்திருந்தேன். இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆனால் மல்லாந்து விழுந்தவளுக்கு அது தலையளவு. எழுந்தபோது ஒரு காலில் சப்பாத்து இல்லை. கழுத்து அடையாள அட்டை முதுகுப் பக்கம் போய்த் தொங்கியது. அதில் இருந்த என் புகைப்படம் மட்டும் தெளிவாகச் சிரித்துக்கொண்டிருந்ததாக அத்தான் பிறகு சொன்னார்.

நான் கரையேறுவதற்குள் அக்கா லோரிக்குப் போய்த் திரும்பியிருந்தாள். இருக்கைக்கு அடியிலிருந்து, பழைய கைலியில் குழந்தை போலச் சுற்றி வைத்த ஒன்றை எடுத்து வந்தாள். சைக்கிள் டியூப் சுற்றிய கைப்பிடி வெளியே தெரிந்தது. நேர்காணலுக்குக்கூட அழைக்கப்படாத ஆள்.

அக்கா அதை இரண்டே இழுப்பில் கிளப்பி அத்தானிடம் கொடுத்தாள். அத்தான் புதைந்த காலை உருவி, இரண்டு தென்னை மட்டையை மண்ணில் போட்டு அதன்மேல் நின்றார். மாட்டிக்கொண்ட ரம்பத்துக்கு ஒரு முழம் மேலே புதிதாக வெட்டினார். அவர் தோளில் ஒரு நரம்பும் புடைக்கவில்லை. அக்கா லோரியை நகர்த்தினாள். வேலிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே, கோடு போட்ட மாதிரி மரம் விழுந்தது. பெரிய ரம்பம் அடிக்கட்டையில், கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருப்பது போல, தனியாக நின்றது. பழையதே அடிக்கட்டையை வெட்டி அதை வெளியே எடுத்தது. மீதி இரண்டு மரமும் பதினொரு மணிக்குள் முடிந்தன.

பாக் ஹாஜி கைப்பேசியைப் பையில் போட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தை விசிறிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான். மீதி முப்பத்தேழு மரமும் அத்தானுக்கே என்றார். இனி வரும்போது இரண்டை மட்டும் வீட்டில் விட்டு வர வேண்டும்: பெரிய ரம்பம் ஒன்று, படித்த தங்கச்சி ஒன்று.

லோரிக் கதவில் இப்போது பெயர் எழுதியாகிவிட்டது. நோட்டில் இருந்த மூன்று எழுத்தில் எது நல்லது என்று அக்கா என்னிடம் கேட்கவில்லை. ஆட்கள் வேலைக்கு எடுப்பதுதான் என் தொழில். இரண்டு ரம்பங்களை ஒரு வாரம் ஆராய்ந்தேன். ஆளை ஒரு நிமிடம் பார்க்கவில்லை. சேறு பட்டதைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அதனால் பெரியது வீட்டுக்கு வந்தது. ஆயுத பூஜைக்கு முதல் சந்தனம், முதல் குங்குமம், முதல் எலுமிச்சம்பழம் அதற்குத்தான். வருடத்தில் அதற்கு அந்த ஒரு நாள்தான் வேலை என்பதால் குறை வைக்கக் கூடாது என்பது அத்தானின் உத்தரவு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராலும் பெரிதாக எதையும் வாங்க முடிவதில்லை. நான் பெரிய குளிர்பதனப் பெட்டி வாங்கியபோது, "அத வெளிய எடுக்க ஒரு சின்னதும் வாங்கிட்டியா?" என்றாள் அக்கா. பெரிய கார் பார்த்தபோது அதே கேள்வியை அம்மாவே கேட்டார்.

போன மாதம் பத்தாங் காலியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஆறடிக்கு மேல். நிலைப்படியில் குனிந்துதான் உள்ளே வந்தார். அத்தான் காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "தம்பி, உங்களுக்குக் குள்ளமா ஒரு தம்பி இருக்காரா?"

எங்கள் பக்கம் மொத்தமும் சிரித்தது. அவர்கள் பக்கம் விறைத்தது. தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய நான், எழுந்து முழுக் கதையையும் சொல்லித் தொலைக்க வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை கடைசி வரை கேட்டார். பிறகு தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்து, "இதத் தூக்கப் போறது யாருன்னு நீங்க யோசிக்கவே இல்லையா?" என்றார்.

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "யோகா, இவர எடுத்துக்க. மார்க்கு கீர்க்குப் போட்டுக்கிட்டு நிக்காத."

தை மாதம் கல்யாணம். தம்பி இருக்கிறான், ஐந்தடி மூன்று. மணமேடையில் அவன் அண்ணனை விட்டு ஓரடிகூட நகரக் கூடாது என்று அத்தான் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.