சாலவாக்கத்தில் பனி

உத்திரமேரூர்
14-5-2002, செவ்வாய்
பகல் 12.20

என்னை நம்பி இந்த வேலைக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட குத்புதீன் மாமாவுக்கு, அக்கா மகன் அப்துல் பாசித் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் காஞ்சிபுரத்தில் அத்தா நலம், அம்மா நலம், கடை நலம். அங்கே மாமியும் குட்டி அஃப்ரினும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். என் வேலை மட்டும் நலமில்லை. வியாழக்கிழமை வரை தாங்கும்.

போனில் சொல்ல முடியாது. இந்த மேசையிலிருந்து போகும் எல்லா அழைப்பும் பதிவாகிறது. பேருந்து நிலையத்து எஸ்டிடி பூத்திலிருந்து பேசலாம். ஆனால் உங்களைக் கூப்பிட வேண்டிய போன் எனக்கு மேலதிகாரியான கிருஷ்ணசாமி சார் மேசையில் இருக்கிறது. ஆகவே கடிதம். ஜெனரேட்டர் வண்டி ஓட்டும் தாமோதரன் ஐந்து மணிக்குச் சென்னைக்குக் கிளம்புகிறார். உங்கள் கையிலேயே கொடுப்பார். படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழிப்பதற்கு முன் நான் கேட்பதைச் செய்துவிடுங்கள்.

நீங்கள் சென்னை அலுவலகத்தில் அந்தக் கண்காணிப்பு மென்பொருளை உள்ளிருந்து பார்க்கிறீர்கள். நான் வெளியிலிருந்து. இங்கிருந்து பார்த்தால் அது ஒரு திரை. ஆறு கிராமங்கள். ஒவ்வொன்றிலும் ஜன்னல் இல்லாத ஒரு சின்னக் கட்டடம், உள்ளே டெலிபோன் யூனிட், யூனிட்டுக்கு ஒரு ஏசி. அங்கே எது அசைந்தாலும் இங்கே ஒரு வரி. வெள்ளை எழுத்தில் வந்தால் நிகழ்வு. சிவப்பில் வந்தால் பிழை. நிகழ்வு என்றால் ஏதோ நடந்திருக்கிறது. பிழை என்றால் நடந்ததற்கு யாரும் காரணம் சொல்லவில்லை. வெள்ளைக்கும் சிவப்புக்கும் இடையே முப்பது நிமிடம். அதற்குள் நான் காரணம் போட்டு மூட வேண்டும். இல்லையென்றால் சென்னையில் கிருஷ்ணசாமி சாருக்கு மணி அடிக்கும்.

காரணத்தை என் சொந்த வார்த்தையில் எழுத முடியாது. பட்டியலில் இருபத்து மூன்று காரணங்கள் இருக்கின்றன. இடி. மின்தடை. கேபிள் அறுந்தது. எலி. வெள்ளம். மென்பொருளைச் செய்தவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள், அதனால் பதினேழாவது: பனி உறைவு. இருபத்து மூன்றாவது: இதர காரணங்கள். ஒரு வாழ்க்கைக்கு இருபத்து மூன்று காரணம் தாராளம் என்று சேர்ந்த புதிதில் நினைத்தேன்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் அது தொடங்கியது. சாலவாக்கம், கதவு திறப்பு. சாலவாக்கம், கதவு மூடல். ஒரு நாளில் நான்கு முறை, ஐந்து முறை. வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒவ்வொரு செய்திக்கும் மூன்று வரி. கதவு திறப்புக்கு எழுதியிருந்தது இது. பொருள்: கதவு திறந்திருக்கிறது. சாத்தியமான காரணம்: யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது: கதவை மூடவும். ஏனாத்தூர் கல்லூரியில் நான்கு வருடம் படித்ததில் இவ்வளவு நேர்மையான வாக்கியங்களை நான் சந்தித்ததில்லை.

டவுன் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். யூனிட்டுக்கும் பேட்டரிகளுக்கும் நடுவே பாய். பாயில் ஒரு பெண், எட்டு மாத வயிற்றோடு. பெயர் ஆதிலட்சுமி. யூனிட்டின் காவலாளி பச்சமுத்துவின் மகள், பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தவள். வீடு பக்கத்திலேயே. தகரக் கூரை. வெயிலில் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறாள், ரத்த அழுத்தம் இருக்கிறது, சூட்டில் வைக்காதீர்கள் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். அந்த ஊரில் குளிர்ந்த இடம் ஒன்றுதான். அதன் சாவி பச்சமுத்துவின் இடுப்பில்.

"ஏசிய மெசினுக்குப் போடறான், மனுசிக்குப் போட மாட்டானா சார்?" என்றார் பச்சமுத்து.

"வெளியாளுங்க உள்ள இருக்கக் கூடாதுங்க. தெரிஞ்சா உங்க வேலை போயிடும்."

"நீ சொன்னாத்தான தெரியும்?"

"நான் சொல்ல வேணாம். கதவு சொல்லுது. ஒவ்வொரு வாட்டி திறக்கும்போதும் எனக்கு வருது."

"மாசமா கீற பொண்ணு சார். ஒண்ணுக்குப் போவாதா? நாஷ்டா குடுக்க வேணாமா? உன் கம்ப்யூட்டரு பேஜார் பண்ணுதுன்னா அத்த அணைச்சி வெச்சிடேன்."

ஆதிலட்சுமி எழுந்து உட்கார்ந்தாள். "நான் அந்தப் பொட்டியத் தொட மாட்டேண்ணா. அது பாட்டுக்குக் கீது, நான் பாட்டுக்குக் கீறேன்."

திரும்பி வந்து இருபத்து மூன்று போட்டேன். இதர காரணங்கள். உடனே பதினாலு கட்டம் கொண்ட ஒரு படிவம் திறந்தது. அதை நிரப்பி முடிப்பதற்குள் கதவு இன்னொரு முறை திறந்தது. மறுநாள் எலி போட்டேன், எலி பிடிக்க ஆள் அனுப்பவா என்று போன். இடி போட்டேன், எர்த் கம்பியை அளந்து அனுப்பு என்று போன். ஒவ்வொரு காரணத்துக்கும் சென்னையில் ஒரு நடவடிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள் மாமா. பதினேழுக்கு மட்டும் எழுதவில்லை. யார் எழுதுவார்கள். பதினேழு போட்டால் வரி சத்தமில்லாமல் மறைந்துவிடும். யாரும் கூப்பிடுவதில்லை. பொய் சொல்கிறோம் என்ற உணர்வு முதல் மூன்று நாள் இருந்தது. அப்புறம் விரல் மட்டும் இருந்தது.

(இப்போது ஒன்று. 12.52 திறப்பு, 12.53 மூடல். பதினேழு போட்டுவிட்டு வருகிறேன்.)

இதோடு நூற்றுப் பதினெட்டு.

மென்பொருள் மாதக் கடைசியில் தானாகவே ஓர் அறிக்கை தயாரித்து, அதைச் செய்தவர்களுக்கும் அனுப்பும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லியிருக்கலாம். ஏப்ரல் அறிக்கையில் அவர்களுடைய வாடிக்கையாளர்கள் எல்லோரையும் விட அதிகப் பனி சாலவாக்கத்தில். போன வாரம் ஒரு மின்னஞ்சல். மிகவும் சுவாரஸ்யமாக இருக்கிறதாம். பனி உருக்கும் ஹீட்டர் இரண்டை இலவசமாகப் பொருத்தித் தருகிறார்களாம். வியாழக்கிழமை அவர்களுடைய பொறியாளர் ஒருவர் நம் ஆட்களோடு நேரில் வருகிறார். கம்பளி உடை கொண்டுவர வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். வெளியே அக்னி நட்சத்திரம். ஏரியில் மாடு நின்றால் குளம்பு நனையாது. அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.

நேற்றுதான் மின்னஞ்சலின் இணைப்பைப் படித்தேன். ஹீட்டரை யூனிட் அறையின் உள்ளே பொருத்துவார்கள். அது மென்பொருளோடு இணைந்தது. நான் பதினேழு போட்ட மறு நொடி அது தானாக எரிய ஆரம்பிக்கும், நாற்பது நிமிடம் எரியும். உள்ளே ஆதிலட்சுமி படுத்திருப்பாள். பதினேழு போடாவிட்டால் சிவப்பு, விசாரணை, பச்சமுத்துவுக்கு வேலை போகும். போட்டால் அவள் வேகுவாள். ராத்திரி முழுக்க இந்த இரண்டு வரிகளையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். காகிதத்தில் அல்ல.

கேட்பது இதுதான். நூற்றுப் பதினெட்டு பனியையும் அழித்துவிடுங்கள். உங்களால் முடியும். அழிக்க முடியாதென்றால் ஏதாவது மின்தடையாக மாற்றுங்கள், மின்தடையை இந்தப் பக்கம் யாரும் சந்தேகப்படுவதில்லை. பனி இல்லையென்றால் ஹீட்டர் இல்லை, ஹீட்டர் இல்லையென்றால் வியாழக்கிழமை இல்லை. இன்னும் மூன்று வாரம். அவள் குழந்தை பெற்றுக்கொண்டு போய்விடுவாள். அதற்குப் பிறகு நான் எல்லாக் கதவையும் உள்ளபடியே எழுதுகிறேன். இது சத்தியம். என் சத்தியத்துக்கு இப்போதைய மதிப்பு என்ன என்று நீங்கள் கேட்கக் கூடும். கேட்காதீர்கள்.

ஜாமீன் கையெழுத்துக்காக உங்கள் பெயர் எந்த இடத்திலும் கெடாமல் அல்லாஹ் காப்பானாக. உங்கள் ரிஸ்க் என்னும் வாழ்வாதாரத்தில் பரக்கத் செய்வானாக, அதில் என் சம்பளத்தையும் சேர்த்துக்கொள்வானாக. மாமிக்கு ஸலாம். அஃப்ரினுக்கு முத்தம்.

உங்கள் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய
பாசித்

பி.கு.: மணி 5.40. உறையை ஒட்டவில்லை, அதனால் எழுத முடிகிறது.

2.15க்குக் கதவு திறந்தது. மூடவில்லை. 2.25. மூடவில்லை. அவள் கதவைத் திறந்துபோட்டுவிட்டு இருப்பவள் அல்ல, நூற்றுப் பதினெட்டு முறை பழகியவன் சொல்கிறேன். யூனிட்டில் லைன் சோதிக்க ஒரு போன் உண்டு. அதற்கு அடித்தேன். நீண்ட நேரம் கழித்து எடுத்தாள்.

"யாரு?"

"எக்சேஞ்ச்லேர்ந்து பேசறேன்மா. கதவு திறந்தே இருக்கு."

"அண்ணா. அப்பா வண்டி பாக்கப் போயிருக்காரு. பனிக்கொடம் ஒடஞ்சி போச்சிண்ணா. பஸ்ஸு மூணே முக்காலுக்குத்தான்."

"வலி இருக்கா?"

"கீது."

மூச்சு வாங்கினாள். பிறகு, "கதவ மூடிட்டுமாண்ணா? உனுக்கு அங்க அடிச்சிக்கினே இருக்குமில்ல."

மூடாதே என்றேன். கீழே வாசலில் ஜெனரேட்டர் வண்டி நின்றது. தாமோதரன் அதில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் ஐந்து மணிக்கு முன், சென்னையிலிருந்து பழுது எண் வராமல் அந்த வண்டி ஓர் அங்குலம் நகர்ந்தாலும் அவர் வேலை போகும். எண் வர வேண்டுமென்றால் சிவப்பாக வேண்டும். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வரியை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். 2.45. சிவப்பு. போன்.

"இன்னாய்யா பாசித், சாலவாக்கம் செவப்பாயிடுச்சி. தூங்கறியா?" கிருஷ்ணசாமி சார்.

"இல்ல சார். வண்டிக்கு நம்பர் வேணும். அங்க ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி."

"யூனிட்டுக்குள்ளயா?"

"ஆமா சார். வாட்ச்மேன் பொண்ணு. ஒரு மாசமா உள்ளதான் இருக்குது. நான்தான் மறைச்சேன். இதர காரணங்கள்ல போட்டுடறேன்."



"இதரன்னு போட்டா பதினாலு கட்டம். அப்புறம் மேனேஜர் கையெழுத்து. அவரு சாப்பிடப் போனவரு நாலு மணிக்குத்தான் வருவாரு. புள்ள நாலு மணி வரைக்கும் இருக்குமா?"

"தெரியல சார்."

"உன் ஊர்லதான் தெனம் பனி விழுதே. பதினேழு போடு. பக்கத்துல யூனிட் செயலிழப்புன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் அடி. நம்பர் தரேன்."

"சார், உங்களுக்குத் தெரியுமா?"

"நான் பொறந்தது மதுராந்தகம்யா. மே மாசத்துல அங்க எது உறையும்னு எனக்குத் தெரியாதா? சும்மா பேசிக்கினு இருக்காத, போடு."

போட்டேன். நூற்றுப் பத்தொன்பது. எண் வந்தது. ஜன்னலிலிருந்தே தாமோதரனுக்குக் கத்தினேன். வெற்றிலையைத் துப்பக்கூட இல்லை அவர்.

4.50க்கு உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து தாமோதரன் பேசினார்.

"சார், பொண்ணு பொறந்துகீது. ரெண்டே கால் கிலோ. ரெண்டு பேரும் நல்லாக் கீறாங்க. பழுது டிக்கெட்ல 'பழுது நீங்கியது'ன்னு கீற எடத்துல கையெழுத்து வாங்கணுமே, யார்கிட்ட வாங்கறது?"

"பச்சமுத்துகிட்ட வாங்குங்க."

"அவரு அழுதுகினு கீறாரு."

"அழுது முடிச்சதும் வாங்குங்க."

ஆகவே மாமா, மேலே எழுதியிருப்பது எதையும் செய்யாதீர்கள். எந்தப் பனியையும் அழிக்காதீர்கள். நூற்றுப் பத்தொன்பதாவதை அழித்தால் தாமோதரனின் வண்டி போனதற்குக் காரணமே இருக்காது, கிருஷ்ணசாமி சார் எண் கொடுத்ததற்கும் இருக்காது. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தால் மே மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் பனி விழுந்ததாகிவிடும், அதை யார் நம்புவார்கள். நூற்றுப் பதினெட்டும் இருந்தால்தான் நூற்றுப் பத்தொன்பது நிற்கும். அந்தப் பொறியாளரின் மின்னஞ்சலுக்கும் இப்போதுதான் பதில் போட்டேன். கம்பளி கொண்டுவரலாம் என்று. வியாழக்கிழமை அவர் கேட்டால் பனி உண்டு என்பேன். கண்ணால் பார்த்தாயா என்றால், ஆம் என்பேன். இந்த முறை விரல் அல்ல, யோசித்துத்தான் சொல்கிறேன்.

தாமோதரன் இன்று சென்னைக்கு வரவில்லை, ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார். இதைத் தபாலில்தான் போடுகிறேன். இன்றைய தபால் போய்விட்டது. எப்படியும் வெள்ளிக்கிழமைதான் உங்களுக்குக் கிடைக்கும். அப்போது வியாழக்கிழமை முடிந்திருக்கும். எனக்கு வேலை இருக்கிறதா என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பதில் எழுதவும்.